ஒரே நாளில் 12,143 பைசல்!

2017 அக்டோபர் 12. பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அன்றைக்கு ஒரு சாதனை செய்தது. ஒரே நாளில், ஒரே தீர்ப்பில் 12,143 மனுக்களைப் பைசல் செய்துவிட்டது.

அடேயப்பா என்று வாயைப் பிளக்காதீர்கள். அந்த 12,143 மனுக்களில் ஜெயித்தவர் ஒருத்தரும் இல்லை. 'உன் பக்கம் நியாயம் இல்லை, போ' என்று சொல்லப்பட்டவரும் இல்லை. பட்டியலிலிருந்து மனு நீக்கப்பட்டது, அவ்வளவுதான். 17 நீதிபதிகள் உட்கார்ந்த பெரிய அமர்வு அது. 10 பேர் சரி என்றார்கள். 7 பேர் கூடவே கூடாது என்று எழுதிவைத்தார்கள். பத்து பெரிசா, ஏழு பெரிசா? முடிந்தது கதை.

மனு போட்டவர்கள் உக்ரைன் நாட்டுச் சாதாரண ஜனங்கள். அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? புதிதாக ஒன்றும் இல்லை. பென்ஷன் பாக்கி, சம்பள பாக்கி, அரசு தர வேண்டிய உதவித்தொகை பாக்கி. இதற்காக அவர்கள் தங்கள் ஊர் கோர்ட்டில் ஏற்கெனவே வழக்குப் போட்டு, ஜெயித்து, டிக்ரியும் கையில் வைத்திருந்தார்கள். 'இவருக்கு அரசாங்கம் பணம் கொடுக்க வேண்டும்' என்று உள்ளூர் நீதிபதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம். அரசாங்கம் கொடுக்கவில்லை. கோர்ட் விவகாரத்தில் 'ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான்' என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். உக்ரைனிலும் அதே கதைதான்.

உள்ளூர் நீதியை உள்ளூர் அரசே மதிக்கவில்லையே என்றுதான் அவர்கள் எல்லை தாண்டி ஸ்ட்ராஸ்பர்க் கதவைத் தட்டினார்கள். அங்கேயும், 'உங்களை மாதிரி ரொம்பப் பேர் வந்துவிட்டீர்கள். எங்களால் தாங்க முடியவில்லை. போய் வாருங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள்.

'நம்ம நாட்டிலேயே 5 கோடி வழக்கு தேங்கிக் கிடக்கு. ஐரோப்பாக்காரன் கோர்ட்டைப் பற்றி நமக்கு என்ன சார் கவலை?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

*

முதலில் இந்தக் கோர்ட் எது என்று பார்த்துவிடுவோம். பலர் இதை ஐரோப்பிய யூனியனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். அது வேறு, இது வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்த சூட்டில், 1949-ல் ஐரோப்பிய கவுன்சில் என்ற அமைப்பு உருவானது. 'இனி எந்த அரசும் தன் மக்களை மிருகம் மாதிரி நடத்தக் கூடாது' என்று 1950-ல் ரோம் நகரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதைக் காப்பாற்றுவதற்காக 1959-ல் அமைக்கப்பட்டதுதான் இந்த நீதிமன்றம். இன்றைக்கு 46 நாடுகள், சுமார் 70 கோடி மக்கள் இதன் எல்லைக்குள் வருகிறார்கள். நாட்டுக்கு ஒருவர் வீதம் 46 நீதிபதிகள்.

இதன் பெருமையே ஒன்றில்தான் இருக்கிறது. தனி மனிதன் தன் சொந்த அரசாங்கத்தின் மீது இங்கே நேரடியாக வழக்குப் போடலாம். ஸ்டாம்ப் டூட்டி கிடையாது, கோர்ட் ஃபீஸ் கிடையாது. மனு போடும்போது வக்கீல்கூட வேண்டியதில்லை. பாரத்தை நிரப்பித் தபாலில் போட்டால் போதும். உள்நாட்டுக் கோர்ட் படிகளையெல்லாம் ஏறி முடித்திருக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை.

கதவைத் திறந்துவைத்தால் கூட்டம் வரத்தானே செய்யும்? 1959 முதல் 1998 வரை, கிட்டத்தட்ட 40 வருடங்களில், இந்தக் கோர்ட் கொடுத்த தீர்ப்புகள் மொத்தம் 837. 1998 நவம்பரில் இதை முழுநேர நீதிமன்றமாக மாற்றினார்கள். சோவியத் யூனியன் உடைந்த பிறகு கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் வரிசையாக உள்ளே வந்தன. அடுத்த 10 வருடத்துக்குள், 2008 செப்டம்பரில், பத்தாயிரமாவது தீர்ப்பு வந்துவிட்டது. 2011-ல் நிலுவை 1,60,000 மனுக்களைத் தொட்டது.

பதறிப்போனார்கள். பதறியதில் தப்பில்லை. வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் யாரும் பதறத்தான் செய்வார்கள். தண்ணீரை எந்தப் பக்கம் இறைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

*

நிலுவையைக் குறைக்க அவர்கள் செய்த முதல் காரியம், தனி நீதிபதி முறை. தகுதியில்லை என்று பார்த்தவுடன் தெரிகிற மனுக்களை ஒரே ஒரு நீதிபதி தள்ளுபடி செய்துவிடலாம். முன்பு அதற்கே மூன்று பேர் உட்கார வேண்டியிருந்தது. 2010 ஜூன் முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2013-ல் மட்டும் இப்படித் தனி நீதிபதிகள் முடித்த மனுக்கள் 80 ஆயிரத்தைத் தாண்டின.

நான் காமர்ஸ் படித்தவன். எண்ணைக் கண்டால் வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. வருடத்துக்கு 250 வேலை நாள் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு 320 மனு. கட்டைப் படித்து, குறிப்பு எழுதி, நீதிபதியின் மேஜையில் வைப்பது பதிவாளர் அலுவலக வக்கீல்கள். நீதிபதி கையெழுத்துப் போடுகிறார். அந்த முடிவுக்கு அப்பீல் கிடையாது.

இதைவிட மோசமான ஒரு விஷயம் இருந்தது. 2017 வரை, இப்படித் தள்ளுபடியான மனுதாரருக்குப் போன கடிதத்தில், அவர் மனு ஏன் தள்ளுபடியானது என்ற காரணமே இருக்காது. எல்லாருக்கும் ஒரே அச்சு வாசகம்தான். 'விசாரணைக்கு ஏற்கும் நிபந்தனைகள் பூர்த்தியாகவில்லை, ஒரு வருடத்தில் உங்கள் கட்டு அழிக்கப்படும்' என்கிற ரீதியில் ஒரு காகிதம். காரணம் சொல்லாமல் தீர்ப்புச் சொன்னால் அது நியாயமான விசாரணை ஆகாது என்று நாடு நாடாகக் கண்டித்த அதே நீதிமன்றம் செய்த வேலை இது. கடைசியில் 2017-ல்தான் சுருக்கமாகவாவது காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது, பாரம். 2014 ஜனவரி முதல் விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும், ஒரு நகல் இணைக்காவிட்டாலும், மனு நீதிபதியிடம் போவதற்கு முன்பே அலுவலகத்திலிருந்து திரும்பிவிடும். நம் ஊர் கவுன்ட்டரில் 'இந்த ஜெராக்ஸ் இல்லையே, நாளைக்கு வாங்க' என்பார்களே, அதேதான். மூன்றாவது, கெடு. உள்நாட்டில் கடைசித் தீர்ப்பு வந்த பிறகு மனு போட முன்பு 6 மாதம் அவகாசம் இருந்தது. 2022 பிப்ரவரியிலிருந்து 4 மாதம்தான்.

இவை எல்லாமே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். வருகிற மனுக்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் எப்போதுமே தகுதியில்லாதவை என்றுதான் தள்ளுபடியாகி வந்திருக்கின்றன. தன் அப்பீலைத் தானே போடாமல் நேராக ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஓடுகிறவரும் உண்டு. 'என் கேஸில் நீதிபதி தப்பாகத் தீர்ப்புச் சொல்லிட்டார்' என்று நான்காவது அப்பீலாக இதை நினைக்கிறவரும் உண்டு. அவற்றை வேகமாகப் பிரித்துத் தள்ளாவிட்டால், சிறையில் அடிபட்டுக் கிடப்பவனின் மனு அடியில் மாட்டிக்கொள்ளும். சித்திரவதை, உயிர் ஆபத்து, சிறைவாசம் போன்ற மனுக்களை முதலில் எடுப்பது என்று 2009-ல் முன்னுரிமை வரிசை வகுத்தார்கள். அது நல்ல காரியம். ஆஸ்பத்திரியில் விபத்துக் கேஸை முதலில் பார்ப்பது போலத்தான்.

என் சண்டை அதோடு இல்லை. தகுதியுள்ள மனுவை, நியாயம் இருக்கிறது என்று தனக்கே தெரிந்த மனுவை, எண்ணிக்கை அதிகம் என்பதற்காகக் கழித்துக்கட்டியதோடுதான் என் சண்டை.

*

ஒரே மாதிரியான மனுக்கள் ஆயிரக்கணக்கில் வந்தால் என்ன செய்வது? அதற்கு ஸ்ட்ராஸ்பர்க் ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்தது. கூட்டத்திலிருந்து ஒரு வழக்கை மட்டும் மாதிரிக்கு எடுத்து விசாரிப்பது. நோயின் வேர் எங்கே என்று கண்டுபிடித்து, 'இந்தச் சட்டத்தை மாற்று, எல்லாருக்கும் நிவாரணம் கொடு' என்று அந்த அரசுக்கு உத்தரவு போடுவது. மற்ற மனுக்களை அதுவரை நிறுத்திவைப்பது. இதற்கு மாதிரித் தீர்ப்பு என்று பெயர்.

2004-ல் போலந்து விஷயத்தில்தான் இது முதலில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எல்லைக்கோடு நகர்ந்ததில், பூக் நதிக்குக் கிழக்கே வீடு நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களின் இழப்பீட்டுப் பிரச்னை. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 80 ஆயிரம் பேர். ஒரு தீர்ப்பு வந்தது. 2005-ல் போலந்து புதுச் சட்டம் போட்டது. சொத்து மதிப்பில் 20 சதவீதம் என்றாலும், கைக்கு ஏதோ கிடைக்க வழி பிறந்தது.

2013-ல் இத்தாலி. சிறையில் ஆளுக்கு 3 சதுர மீட்டர் இடம்தான். மூன்று கைதிகளுக்கு 9 சதுர மீட்டர் அறை. நம் வீட்டு சமையலறை அளவு. 'ஒரு வருடத்துக்குள் சரி செய்' என்றது கோர்ட். இத்தாலி கைதிகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. நெரிசலில் கிடந்தவர்களுக்கு நாளைக்கு 8 யூரோ இழப்பீடு, அல்லது 10 நாளுக்கு 1 நாள் தண்டனைக் குறைப்பு என்று சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் நீதிமன்றம் மீதி மனுதாரர்களை, 'உங்கள் நாட்டிலேயே வழி திறந்திருக்கிறது, அங்கே போங்கள்' என்று அனுப்பிவைத்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் வழி திறந்தது. அப்புறம்தான் மனு மூடியது.

உக்ரைனில் நடந்தது என்ன? ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். ஓய்வுத் தொகையும் சீருடைக்கான பணமும் பாக்கி. 2001-ல் அங்குள்ள ராணுவ நீதிமன்றம் கொடுக்கச் சொல்லிவிட்டது. முழுப் பணம் வரவில்லை. அவர் ஸ்ட்ராஸ்பர்க் போனார். அவர் வழக்கை மாதிரியாக எடுத்து, 2009 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னார்கள். 'கோர்ட் தீர்ப்புப்படி பணம் கொடுக்காமல் இழுத்தடிப்பது உங்கள் நாட்டின் வியாதி. ஒரு வருடத்துக்குள் மருந்து கண்டுபிடியுங்கள்' என்று உத்தரவு. அப்போது நிலுவையில் இருந்த இதே மாதிரி மனுக்கள் சுமார் 1,400.

உக்ரைன் என்ன செய்தது? அவகாசம் கேட்டது. கொடுத்தார்கள். அப்புறம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது போதாத சட்டம். அரசு நிறுவனங்களின் சொத்தை ஜப்தி செய்து விற்கக் கூடாது என்று 2001-லேயே அங்கே ஒரு தடைச் சட்டம் வேறு இருந்தது. அமீனா வந்தால் எதைத் தூக்கிக்கொண்டு போவான்? பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவதும் இல்லை. மனுக்கள் குவிந்தன. 1,400 என்பது 2017-ல் 12,143 ஆனது.

அப்போதுதான் அந்தப் பெரிய அமர்வு கூடியது. இடைப்பட்ட 8 வருடத்தில் உக்ரைன் திருந்தவில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டுவிட்டு எடுத்த முடிவுதான் விசேஷம். 'கொள்கையளவில் சொல்ல வேண்டியதை 2009-லேயே சொல்லிவிட்டோம். அதை நிறைவேற்றவைப்பது ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர்கள் குழு வேலை. 12,143 மனுக்களையும் அங்கே அனுப்புகிறோம். எங்கள் பட்டியலிலிருந்து நீக்குகிறோம்.' இனி இதே மாதிரி வரும் மனுக்களுக்கும் இதே கதிதான். இரண்டு வருடம் கழித்து நிலைமையைத் திரும்பப் பார்க்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். பார்க்கலாம் என்றுதான் எழுதினார்கள். பார்ப்போம் என்று எழுதவில்லை.

அமைச்சர்கள் குழு என்றால் யார்? உறுப்பு நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள், நடைமுறையில் அவர்களுடைய தூதர்கள். அதாவது அரசாங்கங்கள். அரசாங்கத்தின் மேல் புகார் கொடுத்தவனை அரசாங்கங்களின் கூட்டத்துக்கே அனுப்பிவைத்தாகிவிட்டது.

இன்னொரு கொடுமையும் உண்டு. இதே விஷயத்துக்காக உக்ரைனிலிருந்து அதுவரை வந்த மனுக்களில் 14 ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை நீதிமன்றம் ஏற்கெனவே விசாரித்து முடித்திருந்தது. அவர்களில் பலருக்கு இழப்பீடு கிடைத்தது. ஒரே பாக்கி, ஒரே அரசாங்கம், ஒரே சட்டம். முன்னால் நின்றவனுக்குப் பணம். பின்னால் நின்றவனுக்கு நாமம். ரேஷன் கடையில் ஸ்டாக் தீர்ந்தால் இப்படி நடக்கலாம். நீதி என்ன மண்ணெண்ணெயா, ஸ்டாக் தீர்ந்துபோக?

*

பி.காம். முடித்த கையோடு ஓர் ஆடிட்டரிடம் கொஞ்ச நாள் எடுபிடியாக இருந்தேன். ஒரு மார்ச் மாதக் கடைசியில் மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோம். வர வேண்டிய பாக்கி பக்கம் பக்கமாக நீண்டது. முதலாளிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "இதையெல்லாம் வாராக் கடன்னு ரைட் ஆஃப் பண்ணிட்டா கணக்கு சுத்தமாயிடுமே சார்?" என்றார். ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஆயிடும். ஆனா நீங்க தள்ளிவிட்ட சேதி கடைத்தெருவுக்குத் தெரிஞ்சா, ஒழுங்காக் கொடுத்துக்கிட்டிருக்கிறவனும் நாளையிலேருந்து நிறுத்திடுவான், பரவாயில்லையா?"

ஸ்ட்ராஸ்பர்க்கில் அன்றைக்கு அந்த ஆடிட்டர் இல்லாமல் போய்விட்டார்.

அந்தத் தீர்ப்பு மற்ற அரசாங்கங்களுக்குச் சொன்ன பாடம் என்ன? கொஞ்சம் பேருக்குக் கடன் வைத்தால் ஸ்ட்ராஸ்பர்க் உன்னைப் பிடிக்கும். பத்தாயிரம் பேருக்குக் கடன் வைத்தால் ஸ்ட்ராஸ்பர்க் களைத்துப் போகும். தப்பைச் சில்லறையாகச் செய்யாதே, மொத்தமாகச் செய்.

மளிகைக்காரர் தள்ளுபடி செய்ய நினைத்ததாவது அவர் சொந்தக் காசு. இந்த நீதிபதிகள் தள்ளியது யாருடைய காசை?

அந்த 10 நீதிபதிகளின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே விஷயத்தை 12 ஆயிரம் தடவை எழுதுவதால் சட்டத்துக்கு என்ன லாபம்? இப்படியே போனால் நாங்கள் உக்ரைனின் பணப் பட்டுவாடா ஆபீஸாகிவிடுவோம், உயிர் போகிற வழக்குகளை யார் பார்ப்பது? இதுதான் அவர்கள் வாதம். லேசாக ஒதுக்கிவிடக்கூடிய வாதம் இல்லை. நானும் நீதிபதியாக இருந்தால் ராத்திரி தூக்கம் வராமல் இதைத்தான் யோசித்திருப்பேன்.

ஆனால் மனுவைப் பட்டியலிலிருந்து நீக்க அவர்கள் பயன்படுத்திய அந்த ஒப்பந்தப் பிரிவிலேயே ஒரு கொக்கி இருக்கிறது. மனித உரிமையைக் காக்கத் தேவை என்றால் விசாரணையைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று அது சொல்கிறது. பணம் வரவில்லை, வழியும் திறக்கவில்லை. இதற்கு மேல் என்ன தேவை வேண்டும்? எதிர்த்த 7 நீதிபதிகளும் இதைத்தான் கேட்டார்கள். இது சட்டத்துக்கு விளக்கம் சொல்கிற தீர்ப்பே இல்லை, வேலைப்பளுவைக் குறைக்க எடுத்த கொள்கை முடிவு என்கிற அர்த்தத்தில் எழுதிவைத்தார்கள்.

'உக்ரைன் பாவம், போர் நடக்கிற நாடு' என்று சிலர் சொல்லலாம். போரில் அந்த மக்கள் படுகிற பாடு எனக்கும் வலிக்கிறது. ஆனால் ராணுவத்தில் வேலை பார்த்தவருக்கு 2001-லேயே கொடுத்திருக்க வேண்டிய பணத்துக்குப் போரைக் காரணம் சொல்ல முடியாது.

*

சரி, இந்தக் குவியலுக்கு யார் காரணம்? நீதிபதிகளை மட்டும் திட்டினால் அது சோம்பேறித்தனமான கட்டுரையாகிவிடும்.

2024 கடைசியில் நிலுவை 60,350. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துருக்கியிலிருந்து மட்டும் வந்தவை. அந்த வருடம் புதிதாக வந்தவை சுமார் 28,800, முடித்தவை சுமார் 36,800. வரவைவிடச் செலவு அதிகம் என்று சந்தோஷப்படலாம். ஆனால் முடித்தவற்றில் சுமார் 26,000 தள்ளுபடியானவை, அல்லது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவை.

மனுக்களை உற்பத்தி செய்கிற தொழிற்சாலை ஸ்ட்ராஸ்பர்க்கில் இல்லை. அது தலைநகரங்களில் இருக்கிறது. இத்தாலியில் வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கின்றன என்று கோர்ட் கண்டித்தது. இத்தாலி 2001-ல் ஒரு சட்டம் போட்டு, தாமதத்துக்கு இழப்பீடு கொடுப்போம் என்றது. பிறகு அந்த இழப்பீடு வரத் தாமதம் என்று மறுபடி ஸ்ட்ராஸ்பர்க்குக்கு மனுக்கள் போயின. 2010-ல் ஒரே தீர்ப்பில் இப்படிப்பட்ட 475 மனுக்கள். சிரிப்பதா, அழுவதா?

ரஷ்யா இன்னும் ஒரு படி மேல். தனி நீதிபதி முறையைக் கொண்டுவரும் ஒப்பந்தத் திருத்தம் 2004-லேயே தயார். மற்ற எல்லா நாடுகளும் கையெழுத்துப் போட்டு முடித்தன. 2006 டிசம்பரில் ரஷ்ய நாடாளுமன்றம் முடியாது என்றது. 2010 வரை முட்டுக்கட்டை. 2008 கடைசியில் 97,300 ஆக இருந்த நிலுவை 2009 கடைசியில் 1,19,300 ஆனது. அதில் கால் பங்குக்கு மேல் ரஷ்யாவின் மீதே போடப்பட்ட மனுக்கள்! அதிக வழக்குகளைச் சந்திக்கிறவரே கோர்ட்டின் கையைக் கட்டிப்போட்டார். உக்ரைன் மீது படையெடுத்ததால் 2022 மார்ச்சில் ரஷ்யா ஐரோப்பிய கவுன்சிலிலிருந்து வெளியேற்றப்பட்டது. அது விட்டுச்சென்ற மனுக்கள் ஆயிரக்கணக்கில் மேஜையில் கிடந்தன.

நடுவில் மற்ற அரசாங்கங்கள் என்ன செய்தன? மாநாடு போட்டன. 2010-ல் இன்டர்லாகன், 2011-ல் இஸ்மிர், 2012-ல் பிரைட்டன், 2015-ல் பிரஸ்ஸல்ஸ், 2018-ல் கோபன்ஹேகன். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பிரகடனம். எல்லாவற்றிலும் கோர்ட் எப்படித் திருந்த வேண்டும் என்று பக்கம் பக்கமாக அறிவுரை. தீர்ப்பை மதிக்காத அரசைத் தண்டிப்பது எப்படி என்பதில் மட்டும் குரல் கம்மிப்போகும். வேலைக்குத் தகுந்த பணமும் ஆளும் கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. 46 நாடுகளுக்கான இந்தக் கோர்ட்டின் வருட பட்ஜெட் ரொம்பச் சின்னதுதான். தலைக்குப் பத்து சென்ட் சொச்சம். ஒரு மிட்டாய்கூட வராது.

*

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருகிறேன். நமக்கு என்ன?

2007-ல் இலங்கையில் போர் மறுபடி மூண்டிருந்த நேரம். பிரிட்டனில் தஞ்சம் கேட்டுத் தோற்ற ஈழத் தமிழர்களைக் கொழும்புக்கு விமானம் ஏற்ற ஆரம்பித்தார்கள். அவர்கள் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு அவசர மனு அனுப்பினார்கள். மனுக்கள் குவியவே, ஒரு மாதிரி வழக்கில் தீர்ப்பு வரும்வரை தமிழர்களை அனுப்பும் உத்தரவுகளைப் போடாமல் இருக்கலாமே என்று கோர்ட் பிரிட்டனைக் கேட்டது. பிரிட்டன் மொத்தமாக நிறுத்த மறுத்தது. நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? ஒவ்வொரு மனுவாக எடுத்து இடைக்காலத் தடை கொடுத்தது. 342 தமிழர்களுக்கு. 2008 ஜூலையில் வந்த தீர்ப்பில், எல்லாத் தமிழருக்கும் பொதுவாக ஆபத்து என்று சொல்ல மறுத்தார்கள். ஆனால் அந்த மனுதாரரின் நிலைமையைத் தனியாக ஆராய்ந்து, அவரைத் திருப்பி அனுப்பினால் ஒப்பந்தத்தை மீறியதாகும் என்றார்கள்.

அந்த 342 பேரும் ஏறக்குறைய ஒரே கதையைச் சொன்னவர்கள்தான். 'எல்லாம் ஒரே மாதிரி கேஸ், அடுக்கிக் கட்டி வேறு ஆபீஸுக்கு அனுப்பு' என்று அன்றைக்கு யாராவது முடிவெடுத்திருந்தால்? விமானம் காத்திருக்குமா? கூட்டமாக வந்தாலும் ஒவ்வொருவனையும் ஒரு ஆளாக எண்ணுகிற கோர்ட் உலகத்தில் ஓரிடத்திலாவது இருக்க வேண்டும். நம்மவன் அங்கே போய் நின்றிருக்கிறான். நாளைக்கும் நிற்பான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்றே மூன்று.

ஒன்று, இத்தாலியில் செய்த வரிசையையே எல்லா நாட்டுக்கும் வையுங்கள். உள்நாட்டில் வழி திறந்து, அதில் நாலு பேருக்காவது பணம் கைக்கு வந்த பிறகு மனுவை மூடுங்கள். அதுவரை மூடாதீர்கள்.

இரண்டு, அப்படி மூடிய மனுவுக்கு ஒரு கெடு வையுங்கள். குறித்த தேதிக்குள் பாக்கி தீரவில்லை என்றால் மனு தானாக உயிர் பெற வேண்டும். வயதான பென்ஷன்காரர் மறுபடி புதுப் பாரம் நிரப்பி, 4 மாதக் கெடுவை எண்ணிக்கொண்டு அலையக் கூடாது.

மூன்று, இது காமர்ஸ்காரன் யோசனை. மாதிரித் தீர்ப்பு வந்த பிறகும் திருந்தாத அரசின் மீது அதே விஷயத்துக்காக வருகிற ஒவ்வொரு மனுவுக்கும் அந்த அரசிடமே கட்டணம் வசூலியுங்கள். சாக்கடையை அடைக்கிறவனிடம் தூர்வாருகிற கூலியைக் கேட்பதில் என்ன தப்பு? மனு ஏற ஏற பில்லும் ஏறும் என்றால், எந்த நிதி அமைச்சரும் பாக்கியைக் கொடுத்துத் தீர்ப்பதுதான் மலிவு என்று தானாகக் கண்டுபிடித்துவிடுவார்.

இதற்கு ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும், அரசாங்கங்கள் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். மனு போடுகிறவனின் கெடுவை 6 மாதத்திலிருந்து 4 மாதமாகக் குறைக்க மட்டும் அத்தனை பேரும் சம்மதித்தார்களே, எப்படி?

நிலுவை எண்ணிக்கை இறங்கிவிட்டது என்று ஒவ்வொரு ஜனவரியிலும் ஸ்ட்ராஸ்பர்க் கணக்குக் காட்டும்போது, எனக்கு அந்த ஆடிட்டர் ஞாபகம்தான் வரும். அவர் இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

"கணக்கை முடிச்சிட்டீங்க, சரி. பாக்கியைக் கொடுத்தாங்களா?"